நமத்துப் போகும் சர்ட்டிபிகேட்

அக்கா மகன் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதுகிறான். பி.காம். ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தானென்றால் நேராக எண்ணெய் பரோட்டாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவான். போன வாரம் பரோட்டா பேச்சே இல்லை. சட்டைப் பையிலிருந்து வழவழவென்று ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினான்.

"மாமா, அறுபதாயிரம் கட்டினா ஆறு மாசத்துல ஆறு சர்ட்டிபிகேட். அப்புறம் நேரா பெங்களூர்."

வாங்கிப் பார்த்தேன். ஹார்டுவேர், நெட்வொர்க், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, டேட்டா சயின்ஸ், புராஜெக்ட் மேனேஜ்மென்ட். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கட்டை விரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். பணம் கட்டி முடித்தவராகத் தெரியவில்லை.

"பணத்துக்கு?"

"அம்மா செயினை வைக்கலாம்னு..."

"அப்ப ஏழு சர்ட்டிபிகேட்னு சொல்லு. ஏழாவது, அடகுக் கடைச் சீட்டு."

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஏழாவது சர்ட்டிபிகேட்டை நானும் ஒரு காலத்தில் வாங்கியிருக்கிறேன்.

1998. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும், கோபால் தெரிந்தவனை அமெரிக்கா வீடு தேடி வந்து கூட்டிப் போகும் என்றார்கள். (கோபால் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. ஒரு கம்ப்யூட்டர் மொழி.) ஒரு இன்ஸ்டிடியூட்டில் கடன் வாங்கிக் கட்டினேன். 2000 பிறந்தது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. நான்தான் நின்றேன், அடகுக் கடை வாசலில்.

கோபால் மேல் தப்பில்லை. பேங்குகளிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் அது இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எந்த வேலைக்குப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

சிவகாசிக்காரனுக்கு இதை விளக்க வெளியூர் உவமை எதற்கு? "டேய், தீபாவளிக்கு கிப்ட் பாக்ஸ் பார்த்திருக்கேல்ல? அதுல பத்து ஐட்டம் இருக்கும். ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணுக்குத் தெரியாது. சரவெடி அப்படி இல்ல. எல்லாம் ஒரே திரியில கோத்திருக்கும். ஒண்ணு அடுத்ததைப் பத்த வைக்கும். இந்த நோட்டீசு கிப்ட் பாக்ஸ். உனக்கு வேண்டியது சரம்."

சரத்தை எப்படிக் கோப்பது? மேலிருந்து கீழே வரவேண்டும். முதலில் வேலை விளம்பரங்களில் இருபதை எடுத்து வைத்துக்கொண்டு, நம்மால் முடிகிற, நமக்குப் பிடிக்கிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று குறித்தால் பாதை பாதி தெரிந்துவிடும்.

"உங்க ஆபீசுல டேலி நின்னா யாரைக் கூப்பிடுறாங்க?"

"என்னைத்தான்."

"பிரிண்டர் மக்கர் பண்ணினா?"

"அதுக்கும் என்னைத்தான். கணக்கு எழுதுற நேரத்தை விட மேஜைக்கு அடியில கிடக்கிற நேரம்தான் மாமா ஜாஸ்தி."

ஆகவே அவன் திரி நெட்வொர்க் பக்கம் போகிறது. முதல் படி காம்ப்டியாவின் ஏ பிளஸ். 1993-லிருந்து நடக்கிற பரீட்சை. இரண்டு தாள். கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டத் தெரியாதவனுக்கு அது நல்ல ஆரம்பம். மேஜைக்கு அடியிலேயே பாதி படித்துவிட்ட நம் ஆள் அதன் பாடத்தை மட்டும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, நேராக சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.வுக்குப் போகலாம். ஒரே பரீட்சை, இரண்டு மணி நேரம். கட்டணம் 300 டாலர். நம்மூர்ப் பணத்தில் கால் லட்சத்தைத் தாண்டும். பெயிலானால் பணம் திரும்பாது. அதனால் படித்து முடித்துவிட்டுக் கட்டவும். கட்டிவிட்டுப் படிக்க வேண்டாம்.

அதற்கடுத்தது சி.சி.என்.பி. 2020 பிப்ரவரியில் சிஸ்கோ விதியை மாற்றியது. இப்போது சி.சி.என்.ஏ. இல்லாமலே இதை எழுதலாம். எழுதலாம் என்பதால் எழுதிவிடாதீர்கள். இடையில் இரண்டு வருஷமாவது வேலை பார்த்தவனுக்குத்தான் அந்தக் கேள்விகளே புரியும். உச்சியில் சி.சி.ஐ.இ. எட்டு மணி நேரம் செய்முறைப் பரீட்சை. கண்டக்டர் லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஏரோப்ளேன் ஓட்டுவதைப் பற்றி இப்போது வேண்டாம்.

நோட்டீசில் சைபர் செக்யூரிட்டிக்கு அடியில் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு இந்தத் துறையில் ஐந்து வருஷ அனுபவம் கேட்பார்கள். பொருத்தமான பட்டம் இருந்தால் ஒரு வருஷம் குறைப்பார்கள். அனுபவமில்லாமல் பரீட்சை பாஸ் பண்ணினால் 'அசோசியேட்' என்று ஒரு பேர் மட்டும் கிடைக்கும். புதுப் பையனுக்கு ஆறு மாசத்தில் அதை வாங்கித் தருகிறேன் என்பது, பெண் பார்ப்பதற்கு முன்னால் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பேசுகிற கதை.

இன்னொரு சமாச்சாரம். டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணினவரின் சர்ட்டிபிகேட் ரிட்டயராகும் வரை செல்லும். கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் அப்படி இல்லை. நமத்துப் போகும். ஏ பிளஸ், சி.சி.என்.ஏ., அமேசான் கிளவுட் எல்லாம் மூன்றே வருஷம். மைக்ரோசாப்ட்டின் மேல்படிகள் ஒரு வருஷம், இலவசமாகப் புதுப்பிக்கலாம். ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொண்ட எம்.சி.எஸ்.இ. 2021 ஜனவரியோடு முடிந்தே போனது. ஆறையும் ஒரே வருஷத்தில் வாங்கினால் ஆறும் ஏறக்குறைய ஒன்றாகவே நமக்கும். சரமாகக் கோத்தால் அந்தக் கஷ்டமில்லை. சி.சி.என்.பி.க்கான ஒரு தாளைப் பாஸ் பண்ணினாலே கீழே இருக்கிற சி.சி.என்.ஏ.வும் புதுப்பித்ததாக ஆகிவிடும்.

'டம்ப்ஸ்' என்று கேள்வி பதிலைக் காசுக்கு விற்கிறார்கள். மனப்பாடம் பண்ணிப் பாஸாகலாம். பிடித்தால் சர்ட்டிபிகேட் ரத்து. பிடிக்காவிட்டாலும் இன்டர்வியூவில், "நெட் வரலை, முதல்ல எதைப் பார்ப்பே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றை டிக் பண்ணச் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பக்கத்துப் பழைய கதை ஒன்று. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து அடுத்த வருஷம் தொழிலை ஆரம்பித்தார்கள். தீப்பெட்டியிலிருந்து கலர் மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு. பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சகம். என் அக்கா மகனுக்குச் சம்பளம் தருகிற காலண்டர் வரை வந்தது அந்தத் திரிதான். கல்கத்தாவிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது கைப்பழக்கம். சர்ட்டிபிகேட் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப சர்ட்டிபிகேட்டே வேண்டாங்கிறீங்களா?"

"வேணும்டா. இன்டர்வியூ ரூம் கதவு வரைக்கும் அது கூட்டிட்டுப் போகும். உள்ளே நீதான் போகணும்."

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காலண்டர் ஆபீசில் ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வந்தால் வருஷக் கடைசி வரை மூச்சு விட முடியாது. ஆகவே தையிலிருந்து ஆனி வரை படிப்பு, ஆனி முடிவில் பரீட்சை. மாசம் நாலாயிரம் எடுத்து வைத்தால் ஆறு மாசத்தில் இருபத்திநாலாயிரம். மிச்சத்துக்கு மாமா இருக்கிறேன். பழகுவதற்கு சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். ஐ.ஐ.டி.காரர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசம், பரீட்சை எழுதினால்தான் காசு. அறுபதாயிரம் என்ற மலை, சைக்கிளில் ஏறக்கூடிய மேடாகத் தெரிந்தது.

நேற்று ராத்திரி போன் பண்ணினான்.

"மாமா, ஆபீசுல மூணு சிஸ்டத்துக்கு நெட் போச்சு. ஒவ்வொண்ணா கேபிளைப் பிடிச்சுட்டே போனேன். பண்டல் அடுக்கியிருக்கிற ரூம்ல எலி கடிச்சிருக்கு. மாத்திட்டேன். முதலாளி ஐநூறு குடுத்தாரு."

"எலி எந்த சிலபஸ்லடா வருது?"

"அதான் மாமா, எதுலயும் இல்ல."

"அம்மா செயின்?"

"கழுத்துல."