காற்றும் ஒரு குழாயடிதான்

புனேயில் இருக்கிற நம்ம ஆட்கள் பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் மூணு நாலு காராகச் சேர்ந்து ஊருக்குக் கிளம்புவது சகஜமாகிவிட்டது. கூடவே வாக்கி டாக்கி மோகமும் வந்துவிட்டது. செல்போன் இருக்கும்போது இது எதுக்கு என்று கேட்காதீர்கள். டவர் வேண்டாம், ஒரு பட்டனை அமுக்கினால் நாலு காருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். நல்ல சமாச்சாரம்தான். ஆனால், பேசும் முறை தெரியாதவர் கையில் அது இல்லாமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

காரணம் ரொம்ப எளிது. இது போன் மாதிரி இல்லை. ஒருத்தர் பட்டனை அமுக்கியிருக்கும்வரை அந்தச் சேனலில் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கவேண்டும். தெருக்குழாயில் ஒரே ஆள் பத்துக் குடத்தை வைத்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

போன பொங்கலுக்கு கம்பட்கி காட் ஏறும்போது கடைசி காரில் டயர் போய்விட்டது. முன்னால் போன மூணு காரிலும் பிள்ளைகள் அந்தாக்ஷரி. பட்டனைவிட்டு கை எடுக்கவே இல்லை. பின்னால் இருந்தவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சதாராவில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் ஒரு கார் குறைகிறது என்றே தெரிந்தது. அந்த காரில் எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் இருந்தார். நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் சிட்டிசன்ஸ் பேண்ட் இப்போதுள்ள 27 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தது 1958-ல். 1973 பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குப் பிறகு லாரி டிரைவர்கள் மூலமாக நாடு முழுக்கப் பரவியது. 1977-ல் 23 சேனல் 40 ஆனது. அந்த நெரிசலிலும் அது பிழைத்ததற்குக் காரணம் சில கட்டுப்பாடுகள்: 9-ஆம் சேனல் ஆபத்துக்கு மட்டும், பேச்சு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஒரு நிமிஷமாவது ஓய்வு. லாரிக்காரர்களால் முடிந்தது, டிகிரி வாங்கிய நம்மால் முடியாதா?

நம்ம நாட்டில் 2005 விதிகள் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குள் லைசென்ஸ் இல்லாமல் பேச வழிவிட்டன. 2018-ல் 446.0 முதல் 446.2 வரை சின்ன வாக்கி டாக்கிகளுக்குத் திறந்தார்கள். அதைத் தாண்டிய அலைவரிசையில் ஓடும் கருவிகளும் ஆன்லைனில் மலிவாக விற்றன. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பும் அளவுக்குப் போனது. விலையைப் பார்க்குமுன் அலைவரிசையைப் பாருங்கள். போலீஸோ ஆம்புலன்ஸோ பேசும் இடத்தில் நாம் போய்க் குறுக்கே விழுந்தால், "தெரியாது சார்" என்பது செல்லாது.

மற்றபடி பழக்கம்தான் எல்லாம். பேசுமுன் சில விநாடி கேளுங்கள், யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். பட்டனை அமுக்கி ஒரு விநாடி கழித்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் வார்த்தை தொலைந்துபோகும். முதலில் கூப்பிடுகிறவர் பெயர், பிறகு உங்கள் பெயர். சொல்லி முடித்ததும் "ஓவர்". ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுங்கள், அவசரக்காரர் நுழைய அதுதான் வாசல். கத்தவேண்டாம், கத்தினால் குரல் உடையும். செட் சீட்டுக்கு அடியில் மாட்டிப் பட்டன் அமுங்கிக்கிடக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். வீட்டு விலாசம், தங்கப்போகும் ஹோட்டல் ரூம் நம்பர் எல்லாம் வேண்டாம், ஊரே கேட்கும். முக்கியமாக, செட் டிரைவர் கையில் இருக்கக்கூடாது.

"குழந்தைகள் விளையாட்டு, இதில் இவ்வளவு சட்டதிட்டமா?" என்பார்கள். விளையாடட்டும், வேறு சேனலில். ஒரு சேனல் மட்டும் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குப் போன ஹாம் குழுவை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு ஹாம்களோடு பேசத்தான் போனார்கள். 26-ஆம் தேதி சுனாமி அடித்ததும் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, போன் செத்துப்போன தீவிலிருந்து செய்தி அனுப்பும் வேலையில் இறங்கினார்கள். அவர்கள் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள். நம்மை யாரும் பரீட்சை கேட்பதில்லை. அதனால்தான் ஊருக்குக் கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் பழக்கிவிடுங்கள் என்கிறேன். பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.