செழிப்பு எதற்காக?



யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை எடைபோடும் வழக்கம் நம்மிடமிருந்து நீங்கவில்லை. கிறித்துவக் குடும்பங்கள் சிலவற்றில் இவ்வழக்கத்தோடு 'ஆசீர்வாதம்' என்ற சொல்லும் சேர்ந்துகொள்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்றவன் ஆசீர்வதிக்கப்பட்ட பிள்ளை. புதுக் கார் வாங்கியவர்கள் ஆசீர்வதிக்கப்பட்ட குடும்பம். நன்றியுணர்வோடு சொல்லும் வரையில் இதில் குற்றமில்லை. அதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால் என்னவாகும்? தேர்ச்சி குறைந்த பிள்ளையும் வீட்டு வாடகைக்குத் திண்டாடும் குடும்பமும் இறைவனால் கைவிடப்பட்டவர்களா?

'செழிப்பு உபதேசம்' எனப்படும் போதனை ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. விசுவாசம் இருந்தால் செல்வமும் உடல்நலமும் வரும். வரவில்லையென்றால் விசுவாசத்தில் குறை என்பது அதன் சாரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இது வேகமாகப் பரவியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஓரல் ராபர்ட்ஸ், 1947இல் யோவான் எழுதிய மூன்றாம் கடிதத்தின் இரண்டாம் வசனத்தைப் படித்ததே தம் வாழ்வின் திருப்புமுனை என்று கூறிவந்தார். காணிக்கையை விதையாகக் கருதி விதைத்தால் பன்மடங்கு அறுவடை கிடைக்கும் என்ற போதனையையும் அவரே பரவலாக்கினார்.

அந்த வசனம் உண்மையில் என்ன? காயு என்ற நண்பருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் தொடக்க வாழ்த்து அது. நம் கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுகிறோமே, அதைப் போன்றது. வங்கிக் கணக்கைப் பற்றிய வாக்குறுதி அதில் இல்லை. மூலக் கிரேக்கச் சொல்லுக்கு 'வழி நன்றாக அமைதல்' என்பது அடிப்படைப் பொருள். பழைய தமிழ் விவிலியம் அவ்விடத்தில் 'செல்வம்' என்று எழுதாமல் 'வாழ்தல்' என்ற சொல்லையே ஆண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனமும் இவ்வாறே. பலர் வீட்டுச் சுவரில் தொங்கும் இவ்வசனத்தை ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில செழிப்பு என்ற பொருளில் தருகின்றன. எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'ஷாலோம்'. அமைதி, முழுமை, நல்லுறவு, நலவாழ்வு ஆகிய அனைத்தையும் தழுவிய சொல் அது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனைச் 'சமாதானம்' என்கிறது. மேலும், அவ்வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய மடலில் வருகிறது. அவர்கள் உடனே ஊர் திரும்புவார்கள் என்று எரேமியா கூறவில்லை. எழுபது ஆண்டுகள் ஆகும் என்றார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வாழும் நகரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றார். அந்நகரம் அவர்களைச் சிறைப்பிடித்தவர்களின் நகரம்! தனக்கு மட்டும் வரும் செழிப்புக்கு அங்கே இடமே இல்லை.

வறுமையை விவிலியம் போற்றுகிறது என்று நான் கூற வரவில்லை. ஆபிரகாம் செல்வந்தர்தாம். ஆனால், மற்றவர்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கும்படியே அவர் ஆசீர்வதிக்கப்பட்டார். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், எருசலேமின் ஏழைகளுக்காகக் கொடிய வறுமையிலும் தாராளமாகக் கொடுத்த மக்கெதோனியா சபைகளை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். செழிப்பு உபதேசத்தின் கணக்குப்படி அச்சபையினர் விசுவாசம் குறைந்தவர்கள்; பவுலின் கணக்கிலோ அவர்களே முன்மாதிரிகள். 1885இல் சிங்கப்பூருக்கு வந்த மெதடிஸ்ட் திருச்சபையின் மூலவர் ஜான் வெஸ்லி, பணத்தைப் பயன்படுத்துவது குறித்து 1760இல் வெளியிட்ட பிரசங்கத்தில் மூன்று விதிகளைத் தந்தார். பிறருக்குத் தீங்கின்றி ஈட்டுதல், சிக்கனமாகச் சேமித்தல், தாராளமாகக் கொடுத்தல் என்பன அவை. முதலிரண்டும் மூன்றாவதற்காகவே.

பெற்றோர்கள் சிந்திக்க வேண்டிய இடம் யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டனர். இருவருமல்லர் என்றார் இயேசு. யோபுவின் துன்பத்துக்கு அவனுடைய குற்றமே காரணம் என்று வாதிட்ட நண்பர்களையும் இறுதியில் இறைவன் கடிந்துகொள்கிறார். இவற்றையெல்லாம் படித்த பிறகும், 'சரியாக ஜெபிக்கவில்லை, அதனால்தான் மதிப்பெண் குறைந்தது' என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது எவ்வகையில் நியாயம்? கணக்குப் பாடம் விளங்காத பிள்ளைக்குத் தேவை பொறுமையான விளக்கம். அதை மறுத்துவிட்டு விசுவாசத்தைக் குறைகூறினால், பிள்ளை பாடத்தையும் இழக்கும். இறைவனையும் அஞ்சி ஓடும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. பிள்ளை வெற்றி பெற்றால் நன்றி சொல்லக் கற்பிப்போம். அவ்வெற்றியால் யாருக்கு உதவலாம் என்று உடனே கேட்போம். தோல்வியுற்றால் இறைவனின் பெயரால் தீர்ப்புச் சொல்லாதிருப்போம். பள்ளிச் செலவுக்கான பணத்தை 'விதை' என்று காணிக்கைப் பெட்டியில் இட்டுவிட்டு அதிசயத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் பசியையும் படிப்பையும் கவனிப்பதும் இறைப்பணியே.

பக்கத்து இருக்கையில் உணவின்றி அமர்ந்திருக்கும் தோழனைக் கண்டு தன் உணவைப் பகிரும் பிள்ளை, செழிப்பின் பொருளைப் புரிந்துகொண்ட பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்போம்.