போலியும் மூலமும்

‘போலி’ என்னும் சொல் உலக வழக்கில் இழிபொருள் தந்து நிற்பது. போலி நாணயம், போலி மருத்துவர் என்னுமிடத்தெல்லாம் அஃது ஏமாற்றையே குறிக்கின்றது. இலக்கண நூலார் அதனை ஆண்ட முறையோ வேறு. அகம் என்பது அகன் என்றும், நிலம் என்பது நிலன் என்றும் வருமிடத்து, ஓர் எழுத்து நின்ற இடத்தில் மற்றோர் எழுத்து வந்து நின்றும் பொருள் சிறிதும் திரியாமையின் அதனைப் போலி என்றனர். பொருள் திரியுமாயின் அது போலி அன்று, பிழை.

ஈண்டு இதனை எடுத்தோதியதற்குக் காரணம் உண்டு. நம் பதுளைப் பகுதியிலும் இளைஞர் சிலர் ‘எமுலேற்றர்’ என்னும் நிரல் ஒன்றைச் சிறு கணினியில் அமைத்து, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிற் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை ஆடிவருகின்றனர். ஆசிரியருட் பலர் அதனை வீண்பொழுது என்று கடிகின்றனர். யான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். எமுலேற்றர் என்பது இலக்கணத்தார் கண்ட பொருளிற் போலியே என்பதும், அதனை அமைக்கப் பழகும் மாணவன் பதிப்பாசிரியனுக்கு வேண்டிய பயிற்சியையே பெறுகின்றான் என்பதும் எம் துணிபு.

ஆர்கேட் என்பது காசு இட்டால் இயங்கும் ஆளுயரப் பெட்டி. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980இல் நம்கோ நிறுவனத்தில் இவாத்தானி ஆக்கிய ‘பாக்மேன்’ ஆகிய இரண்டும் ஜப்பானிற் பிறந்து உலகெங்கும் பரவியவை. ஒவ்வொரு பெட்டியுள்ளும் அவ்விளையாட்டுக்கென்றே அமைந்த மின்பலகையும், அதன்மேல் ‘ரொம்’ எனப்படும் நினைவகச் சில்லுகளும் உள்ளன. பாக்மேனின் கட்டளைகள் முழுவதும் 16 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றுக்கும் அவ்விடம் போதாது. இத்தகைய சில்லுகளுட் சிலவகை கண்ணாடிச் சாளரம் உடையன. அதன்மேல் ஒட்டிய தாள் உரிந்து புறஊதா ஒளி நெடுநாட் படுமாயின் உள்ளிருப்பது அழியும். ஏட்டுக்குச் செல் எப்படியோ, சில்லுக்கு ஒளி அப்படி.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியது, தொட்டால் ஒடியும் ஏடுகளிலிருந்து. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் ‘மேம்’ என்னும் எமுலேற்றரை வெளியிட்டதும் அத்தகைய கவலை உள்ள பணியே. சங்க நூலையும் காசுப்பெட்டி விளையாட்டையும் ஒரு தட்டில் நிறுத்தலாமோ என்று புலவர் சிலர் சினத்தல் கூடும். யான் ஒப்பிட்டது பொருளை அன்று, தொழிலை.

அத்தொழிலின் நேர்மை யாதெனின், உள்ளதை உள்ளவாறே காட்டுதல். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பகைக்கூட்டம் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து வருவர். இது பழைய பொறியின் மெலிவால் நேர்ந்தது. வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் பொறி விரைந்தது. நிஷிகாடோ அதனை அவ்வாறே விட்டார். இன்றைய கணினி தன் வேகத்தில் ஓடுமாயின் அவ்விளையாட்டே இல்லை. பழைய பொறியின் கடிகாரத்துக்கு அடங்கி ஓடவேண்டும். பாக்மேனில் ஆட்டப்படியின் எண்ணை வைக்க ஒரு பைட்டு இடமே உண்டு. அதில் 255க்கு மேல் எண் அடங்காது. ஆகவே 256ஆம் படியில் திரையின் வலப்பாதி எழுத்தும் கோடுமாகச் சிதறிப்போகும். நல்ல எமுலேற்றர் அச்சிதைவையும் திருத்தாது காட்டும். ஏட்டிற் கண்ட பாடத்தைத் தம் விருப்பப்படி ‘செம்மை’ செய்து அச்சிட்ட பதிப்பாசிரியர் சிலர் இதனைக் கண்டு நாணவேண்டும்.

காப்காம் நிறுவனம் 1993இல் கொணர்ந்த ஒருவகைப் பலகையில் விளையாட்டு மறைகுறியாக எழுதப்பட்டது. அதனைத் திறக்கும் சாவியைத் தாங்கியது ஒரு சிறு மின்கலம். மின்கலம் வற்றினாற் சாவி போம், பலகையும் மாளும். பழுதுபார்ப்போர் அதற்குத் ‘தற்கொலை மின்கலம்’ என்றே பெயரிட்டனர். அம்மறையை 2007இல் அன்பர் ஒருவரும் சல்மோரியாவும் சேர்ந்து அவிழ்த்தனர்.

நிற்க. பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயக் காம்பராவில் என் பழைய மாணவர் ஒருவர் இதனை அமைத்தபோது அருகிருந்து பார்த்தேன். கணினி, உள்ளங்கையளவான ராஸ்பெரி பை. பிள்ளைகள் நிரலாக்கம் பழகட்டும் என்று 2012இல் பிரித்தானியாவில் வெளிவந்தது அது. அதன் நினைவட்டையில் ‘ரெட்ரோபை’ என்னும் தொகுதியை எழுதி, தொலைக்காட்சியையும் கைப்பிடியையும் பூட்டியதும் பாதி வேலை முடிந்தது. மறுபாதியே புலமை. மேமுக்குப் பதிப்புகள் பல. 2003ஆம் ஆண்டுப் பதிப்புக்கு உரிய ரொம் தொகுதியை இன்றைய பதிப்பு ஏலாதென மறுத்தலும் உண்டு. இடையிற் சில்லைப் பிழையறப் படித்த படி கிடைத்து, பழைய படி தள்ளப்பட்டிருக்கும். பாக்மேன் ஜப்பானில் ‘பக் மேன்’ என்னும் பெயரில் வந்தது. அதனை மூலமாகவும் அமெரிக்கப் பதிப்பைக் கிளையாகவும் மேம் கொள்ளும். வேறுபட்ட சில்லுகளை மட்டும் கிளையில் வைத்திருப்பின், மூலம் பக்கத்தில் இல்லாமற் கிளை திறவாது.

“இது பாடபேதம் அல்லவா, ஐயா?” என்றார் மாணவர். வகுப்பில் யான் அரைமணி நேரம் விளக்கியும் பலர்க்கு விளங்காத சொல் அது.

அவர் முதலில் இயக்கியது 1981இல் வந்த ‘ரொபி ரோட்டோ’. உரிமையாளர் வணிகமல்லாப் பயனுக்குக் கொடுத்துவிட்ட விளையாட்டு. இதனை வற்புறுத்திச் சொல்கின்றேன். பல்லாயிரம் விளையாட்டு அடங்கியது என்று விலைகூவி விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் திருட்டே. காப்போன் உழைப்பையும் ஆக்கியோன் உரிமையையும் ஒருங்கே களவாடுவன அவை. 2016 வரை மேமின் உரிமம் வணிகப் பயனை வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. இன்றும் விற்பனையில் உள்ள விளையாட்டை விலைகொடுத்து வாங்குக. ஆனால் ஆக்கியோரே கைவிட்டவற்றை என் செய்வது? நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் காக்கின்றது. பொதுவான காப்புக்காலம் ஆசிரியரின் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டும். அத்துணைக் காலம் சில்லு காத்திராது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது படியெடாத ஏடுகளும் அதனோடு போயின. கைவிடப்பட்டவற்றைப் படியெடுத்துக் காக்க நூலகங்களுக்கு வெளிப்படையான உரிமை அளித்தல் வேண்டும். பாடசாலைக் கணினி அறைகளிலும் இவ்வேலைக்கு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் விடுதல் வேண்டும்.

அம்மாணவரின் பாட்டனார் காமன் கூத்துப் பாடியவர். அவர் பாடிய கசெற் நாடாக்கள் ஏழு, பிஸ்கற் தகரம் ஒன்றில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற மாணவர் விரும்புகின்றார். நாடாக் கருவியின் ரப்பர்ப் பட்டி இற்றுவிட்டது. பதுளையில் இரண்டு கடைகளிற் கேட்டாயிற்று. அடுத்த கிழமை பண்டாரவளையில் விசாரிக்கப் போகின்றார்.