பதுக்கலை அளந்த கணக்கு

1974இல் பிரம்மபுத்திரா வெள்ளத்தைத் தொடர்ந்து வங்கதேசத்தில், குறிப்பாக ரங்பூர், மைமன்சிங், சில்ஹெட் மாவட்டங்களில் மூண்ட பஞ்சத்துக்கு விளைச்சல் குறைவு ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது என்பதை 1981இல் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். 1971க்கும் 1975க்கும் இடையே தலைக்குக் கிடைத்த உணவு தானியம் மிகுந்திருந்தது அந்தப் பஞ்ச ஆண்டில்தான். அப்படியானால் அரிசி விலை ஏன் அவ்வளவு ஏறியது என்ற கேள்வியை விலைப் புள்ளிவிவரங்களிடமே கேட்டவர் பொருளியலாளர் மார்ட்டின் ரவாலியன்.

இரண்டு ஊர்களின் விலைகள் சேர்ந்தே ஏறி இறங்கினால் அவற்றுக்கிடையே சரக்கு தடையின்றிப் போய்வருகிறது என்று கொள்வதும், அதற்குச் சான்றாக ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இரு எண் தொடர்கள் எவ்வளவு ஒன்றியே நகர்கின்றன என்று காட்டும் அளவை, முன்வைப்பதும் வழக்கமாக இருந்தன. பணவீக்கமும் பருவமும் இரண்டு ஊர்களையும் ஒருசேரத் தாக்கும்போது, ஒரு மூட்டைகூடக் கைமாறாத சந்தைகளிலும் அந்த அளவு உயர்ந்தே நிற்கும். ஒரே மழையில் நனைந்த இருவரை உறவினர் என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது இது. ஆகவே அவர் 1986இல் வெளியிட்ட முறை, மையச் சந்தை ஒன்றை நடுவில் வைத்து, உள்ளூர்ச் சந்தையின் இம்மாத விலையில் அதன் சென்ற மாத விலைக்கும் மையத்தின் இம்மாத, சென்ற மாத விலைகளுக்கும் உள்ள பங்கைத் தனித்தனியே மதிப்பிட்டது. மையத்தின் விலை மாற்றம் உடனே முழுமையாக வந்து சேர்ந்தால் அது குறுகியகால ஒருங்கிணைவு. தாமதித்துச் சேர்ந்தால் நீண்டகால ஒருங்கிணைவு. சேரவே இல்லையெனில் சந்தை துண்டுபட்டுக் கிடக்கிறது என்று பொருள்.

ஆயினும் அவரது ஆய்வில் கூடுதல் கனமுடையது, ஊருக்கும் ஊருக்கும் இடையிலான வணிகத்தைவிட, இன்றைக்கும் நாளைக்கும் இடையிலான வணிகத்தைப் பற்றிய பகுதியே. ஆண்டிறுதியில் அறுவடையாகும் ஆமன் நெல் பொய்த்துவிடும் என அஞ்சி இருப்பைப் பிடித்துவைத்த வியாபாரிகளின் எதிர்பார்ப்பை, அன்று கிடைத்த தகவல்களைப் பிழையின்றிப் பயன்படுத்தியிருந்தால் உருவாகியிருக்கக்கூடிய எதிர்பார்ப்போடு ஒப்பிட்டபோது, பதுக்கல் அளவு மீறியிருந்தது புலனாயிற்று. பதுக்கலுக்குச் சதி தேவையில்லை, ஒருபக்கமாகச் சாய்ந்த ஊகமே போதும் என்பதுதான் இதன் சாரம். அந்த ஊகத்தை முறியடிக்கும் அளவுக்கு அரசின் கிடங்கில் இருப்பு இல்லை; கியூபாவுக்குச் சணல் பொருள் விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்காவும் உணவு உதவியை நிறுத்திவைத்தது.

விலையை மட்டுமே உட்கொள்ளும் மாதிரிக்குக் கூலி தெரியாது என்பது இம்முறையின் பெருங்குறை. வெள்ளத்தால் வேலையிழந்த கூலித் தொழிலாளரே அரசு திறந்த ஏறத்தாழ 6,000 கஞ்சித் தொட்டிகளில் அதிகம் நின்றனர்.