மாட்டுக்கு ஆகாத கடலை, நாய்க்கு மட்டும் ஆகுமா?

ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலையைப் பறிக்கும் நேரம் பார்த்துத்தான் மதுரைப் பக்கம் மழை பிடிக்கும். உசிலம்பட்டி, செல்லம்பட்டி விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களத்தில் நனைந்த காயை உலர்த்தி, நல்லதைப் பிரித்து மூட்டை கட்டிய பிறகு ஒரு குவியல் மிஞ்சும். சுருங்கிப் போனது, முளைவிட்டது, பச்சையாகப் பூசணம் பூத்தது. அதை வியாபாரி தொடமாட்டார். கறவை மாட்டுக்கு வைக்க நமக்கே மனம் வராது. அப்போது வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: "வீணாத்தானே போகுது, இடிச்சுக் கஞ்சியில போட்டு நாய்க்கு ஊத்துங்க."

என் வீட்டிலும் அப்படி ஊற்றியிருக்கிறோம். தோட்டத்துக் காவலுக்கு நின்ற கன்னி இன நாய் அது. இரண்டு வாரத்தில் தீனி எடுக்காமல் போனது. வாந்தி எடுத்தது. ஈறும் கண்ணும் மஞ்சளாகிவிட்டன. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவரிடம் கொண்டு போனபோது ஈரல் கெட்டுவிட்டது என்றார். என்ன போட்டீர்கள் என்று அவர் கேட்ட பிறகுதான் கடலை நினைவுக்கு வந்தது. சோதனை எதுவும் செய்யவில்லை. அதனால் கடலைதான் கொன்றது என்று என்னால் சாதிக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பூசணக் கடலையை நான் நாய்க்கு வைத்ததில்லை.

ஈரத்தில் கிடக்கும் கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம், அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. கழுவினால் இது போகாது. கஞ்சியாகக் காய்ச்சினாலும் அழியாது. பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் நச்சு பருப்புக்குள் இருக்கும். இது முதலில் தாக்குவது ஈரலை. இந்த நச்சை எளிதில் தாங்காத பிராணிகளில் நாயும் ஒன்று. 2020 கடைசியில் அமெரிக்காவில் மக்காச்சோளம் சேர்த்த ஒரு நாய்த் தீவனத்தில் இந்த நச்சு இருந்தது தெரியவந்து, 110க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் பதிவானது. தொழிற்சாலையில் சோதித்து மூட்டை கட்டும் ஊரிலேயே இந்த நிலை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு சம்பவம் 1974இல் நடந்தது. ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் பழங்குடி மக்களுக்குத் திடீரென மஞ்சள் காமாலை கண்டது. வயிற்றில் நீர் கோத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் போய் ஆராய்ந்தபோது, மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் போய் நின்றது காரணம். ஒருவர் உடலுக்குள் நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரை நச்சு போயிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அந்த வீடுகளில் அதே உணவைப் பகிர்ந்து தின்ற நாய்களுக்கும் அதே மஞ்சள், அதே நீர்க்கோவை, அதே சாவு. தட்டு வேறானாலும் தானியம் ஒன்றுதானே. நாய்க்கு ஆகாத மக்காச்சோளம் மனிதனுக்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது. மாட்டுக்குக் கொடுத்தால் நச்சின் ஒரு பகுதி பாலில் இறங்கி நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

டி.கல்லுப்பட்டி, பேரையூர் பகுதிகளில் மானாவாரி மக்காச்சோளம் போடும் விவசாயிகளுக்கு நாய் செல்லப் பிராணி இல்லை. காட்டுப்பன்றி வரும் இரவில் விழித்திருக்கும் கூலியில்லா ஆள் அது. ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கும் அப்படித்தான். மதுரையைச் சுற்றி ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று எத்தனை இனங்கள்! ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வெளியிட்டார்கள். பெருமைக்குக் குறைவில்லை. அதன் தட்டில் என்ன விழுகிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

நாய்க்கு எது ஆகாது என்று கேட்டால் இன்று பள்ளிப் பிள்ளைகூட சாக்லேட் என்று சொல்லிவிடும். உண்மைதான், சாக்லேட் ஆகாது. சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் அதைவிட மோசம். ஆனால் தோட்டத்து நாய்க்கு சாக்லேட் ஊட்டுகிறவர் யார்? நம் அடுப்படியில் இருப்பதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

முதலில் வெங்காயமும் பூண்டும். பச்சையோ, வதக்கியதோ, பொடியோ, இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் போனால் ஆபத்து என்பது கால்நடை மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. 20 கிலோ நாய்க்கு 100 கிராம். சாம்பார் சோறு ஒரு கரண்டி தின்ற நாய் அன்றைக்கே சாகாது, பயப்பட வேண்டாம். விசேஷ வீட்டில் மிஞ்சிய தொக்கையும் குருமாவையும் வாளியோடு கவிழ்ப்பதுதான் கெடுதல். அறிகுறி மூன்று, நான்கு நாள் கழித்தே தெரியும்: சோர்வு, ஈறு வெளுப்பு, காபி நிறத்தில் சிறுநீர். அதற்குள் என்ன போட்டோம் என்பதை மறந்திருப்போம். பூண்டு இதைவிடக் கடுமை. குடற்புழுவுக்கு, உண்ணிக்கு என்று நாய்க்குப் பூண்டு உருண்டை கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. மாட்டின் வயிறு உப்புசத்துக்கு வெங்காயம், பூண்டு, மிளகு, வெற்றிலை அரைத்துக் கொடுப்பது வேறு. அந்த உருண்டையை நாய்க்கும் பங்கு வைக்கக் கூடாது.

அடுத்தது புளி. இதைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது வெளிநாடுகளில் ரொம்ப நாளாகத் தெரியும்; காரணம் மட்டும் பிடிபடவில்லை. 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று, புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்கள். புளியின் சதையில் இந்த அமிலம் திராட்சையைவிடப் பல மடங்கு அதிகம். "எங்க பாட்டி காலத்திலிருந்து ரசஞ்சோறுதான், ஒண்ணும் ஆகலையே" என்பீர்கள். நியாயமான கேள்விதான். நீர்த்த ரசத்தில் இருப்பது கொஞ்சம் புளி. நான் அஞ்சுவது கொட்டை எடுக்கும்போது களத்தில் சிதறும் சதை, புளிக்காய்ச்சல், மிஞ்சிய புளியோதரை இவற்றுக்குத்தான். கெட்டியான புளி தின்ற நாய் அன்றே வாந்தி எடுக்கலாம், இரண்டு மூன்று நாளில் சிறுநீர் போவது குறையலாம். அந்த நிலைக்குப் போன பிறகு மீட்பது கடினம். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவர்களும் கழித்துப் போட்ட குலைகளை நாய் படும் இடத்தில் குவிக்காமல் இருப்பது நல்லது.

எலும்பு விஷயம் தெரிந்ததுதான், ஆனாலும் கிடாவெட்டு முடிந்தால் மறந்துவிடுகிறோம். வெந்த எலும்பு ஊசிபோல் உடையும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். கருவாட்டில் உப்பு மிகுதி.

அப்படியானால் என்னதான் போடுவது? சிப்பிப்பாறை, கன்னி நாய்களைக் கம்பங்கூழும் சோளக்கூழும் ஊற்றியே வளர்த்தார்கள் நம் முன்னோர். கூழில் புளியும் இல்லை, தாளிப்பும் இல்லை. இன்றும் அதையே செய்யலாம். குழம்பு கூட்டும் முன், உப்பும் புளியும் வெங்காயமும் சேரும் முன், வெந்த சோற்றிலும் பருப்பிலும் நாயின் பங்கை எடுத்து வைத்துவிட்டால் போதும். ஆறிய பின் கொஞ்சம் தயிரோ மோரோ ஊற்றலாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் கழிச்சலைத் தரும்; மோர் அவ்வளவு செய்யாது. வெறும் சோறு மட்டும் என்றால் உடல் தேறாது. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கறி, ஈரல் துண்டு, முள் எடுத்த மீன், இவற்றில் ஏதாவது ஒன்று வாரத்தில் சில நாளாவது வேண்டும். பூசணிக்காய், கேரட் வேகவைத்துப் போடலாம். இதற்கு ஆகும் செலவு, ஒரு நாய் செத்தால் புதுக் குட்டியைப் பழக்கி எடுக்கும் ஒரு வருஷத்தைவிடக் குறைவுதான்.

விரிவாக்கப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நாய்க்கு முகாம் என்றால் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு அனுப்பிவிடுகிறோம். அது அவசியம். வரிசையில் நிற்கும் அந்த நேரத்தில் தீனி பற்றி ஐந்து நிமிஷம் பேசினால் என்ன? கடலை, மக்காச்சோளம் உலர்த்துவது பற்றி வேளாண் துறையினர் நடத்தும் பயிற்சியிலும், கழித்த காயை என்ன செய்வது என்பதைச் சொல்ல வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை காயவைக்கச் சொல்கிறார்கள், சரி. பூசணம் பூத்ததைக் குழியில் போட்டு மூடச் சொல்ல வேண்டும். தீவனத்தில் கலக்கலாமா என்று தயங்குகிறவர்கள் திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி, ஆராய்ச்சி மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

நாய் ஆகாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே தனி விஷம். தின்றதில் மிச்சம் இருந்தால் ஒரு பையில் போட்டு, எப்போது தின்றது, ஏறக்குறைய எவ்வளவு, நாயின் எடை என்ன என்ற விவரத்தோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். திராட்சையும் புளியும் என்றால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் நாளே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றத் தொடங்கிய நாய்தான் பிழைக்கிறது.