ஒலியைப் பெயர்க்காதீர், பொருளைப் பெயர்ப்பீர்!

'போர்ட்டு' எனும் ஆங்கிலக் குறுஞ்சொல்லை நோக்குக. அபினிப் போரில் தோற்ற சீனம், 1842ஆம் ஆண்டு நாங்கிங் உடன்படிக்கையால் காண்டன், சாங்காய் முதலிய ஐந்து 'போர்ட்டு'களை ஆங்கில வணிகர்க்குத் திறந்துவிட்டது. அவை துறைமுகங்கள், இலத்தீன் 'போர்த்துசு' வழிவந்த சொல்.

கணினி வலையத்திலும் 65,535 வரை எண்ணிட்ட 'போர்ட்டு'கள் உள. அஞ்சலுக்கு 25, வலைப்பக்கத்திற்கு 80. அங்கே கப்பலும் இல்லை, கரையும் இல்லை. செய்தி புகும் வழியே உண்டு. இச்சொல்லோ வாயிலெனப் பொருள்படும் 'போர்த்தா' வழியது.

நம்மவரோ இதனையும் 'துறை' என்கின்றனர். அன்றேல் 'போர்ட்டு' என்றே எழுதி அமைகின்றனர். முன்னது பிழை, பின்னது சோம்பல்! 'வாயில்' என்றால் மாணாக்கனுக்கு விளக்கமின்றியே விளங்குமே! சொல்லைக் கடன்வாங்குவோன் குழப்பத்தையும் கடன்வாங்குகிறான். விழிமின்!