நாம் போட்டுக்கொடுத்த பட்டியல்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இரண்டே நாள்களில் நிறைவேற்றியது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அன்று முதல் தில்லியின் பல்கலைக்கழக வட்டங்களில், குறிப்பாக என் துறையைச் சேர்ந்த நண்பர்களிடையே, ஒரு புலம்பலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். ஃபேன்டஸி கிரிக்கெட் சூதாட்டம் அன்று. வீரர்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து தரவரிசைப்படுத்தத் தெரிந்தவனே அதில் வெல்கிறான். புள்ளியியல் அறிவுக்குப் பொதுமக்களிடையே கிடைத்திருந்த ஒரே களத்தையும் அரசு மூடிவிட்டது என்பது அதன் சாரம். இதை மறுத்து எழுதும் கடமை எனக்கு உண்டு. நானும் அப்படிப்பட்ட தரவரிசை ஒன்றைப் போட்டுக்கொடுத்தவன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடக்கவிருக்கும் போட்டியின் இரு அணிகளிலிருந்தும் 11 பேரைக் கொண்ட ஒரு கற்பனை அணியை நீங்கள் அமைக்கிறீர்கள். நுழைவுக் கட்டணம் செலுத்துகிறீர்கள். களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப உங்களுக்குப் புள்ளிகள் சேர்கின்றன. பல்லாண்டு வழக்கிலிருந்த விதிப்படி ஓர் ஓட்டத்துக்கு 1 புள்ளி, ஒரு விக்கெட்டுக்கு 25, ஒரு கேட்சுக்கு 8. நீங்கள் தலைவராகக் குறித்தவருக்குப் புள்ளிகள் இரட்டிப்பு, துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கு. (ஒரு விக்கெட் 25 ஓட்டங்களுக்குச் சமம் என்று தீர்மானித்தவர் யார், எந்த ஆய்வின்படி என்று எவரும் கேட்டதில்லை. அந்த எண்ணை 20 ஆக்கினால் தரவரிசையின் பாதி இடம் மாறிவிடும்.) இதன் மூலவடிவம் அமெரிக்காவில் பிறந்தது. 1963இல் ஓக்லாந்தில் நண்பர்கள் சிலர் அமெரிக்கக் கால்பந்துக்காகத் தொடங்கியதும், 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரெண்ட் பேஸ்பாலுக்காக அமைத்ததும் பருவம் முழுவதும் நீளும் பொழுதுபோக்குகள். ஒரே மாலைக்குள் பணம் கட்டி, ஒரே மாலைக்குள் இழக்கும் வடிவம் பின்னால் வந்தது. இந்தியாவில் கோலோச்சியது அதுவே. 2020இல் ஐபிஎல் தொடரின் பெயரிலும், 2023 முதல் தேசிய அணியின் சட்டையிலும் டிரீம்11 என்ற பெயர் இருந்தது.

2024 ஏப்ரல் 27 அன்று அருண் ஜெட்லி மைதானத்தில் மும்பைக்கு எதிராக தில்லி 257 ஓட்டங்கள் குவித்தது. ஜேக் ஃபிரேசர்-மெக்கர்க் 27 பந்துகளில் 84. மறுநாள் காலை, பழைய ராஜிந்தர் நகரில் அறையெடுத்துக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவன் முனிர்காவிலிருந்த என் அறைக்கு வந்தான். "அண்ணா, நீங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ்லதானே பிஎச்டி பண்றீங்க? யாரு ஃபார்ம்ல இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன்" என்றான். அரை மணி நேர வேலை. அண்மை ஐந்து ஆட்டங்களின் சராசரி, அடித்த வேகம், எதிரணியின் பந்துவீச்சு ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு எடை கொடுத்து நாற்பது பேரை வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் ஃபிரேசர்-மெக்கர்க், 55, 20, 65, 23, 84 என ஐந்து ஆட்டங்களில் சராசரி 49.4. தம்பி அவரைத் தலைவராக்கினான். ஏப்ரல் 29, கொல்கத்தாவில் அவர் எடுத்தது 12. அடுத்த ஆட்டத்தில் 50 வந்தபோது பட்டியல்மீது தம்பிக்கு நம்பிக்கை மீண்டது, கட்டணமும் கூடியது. அதற்கடுத்து 21. அந்த 21இல் அவர் வீழ்ந்த விதத்தை என் வகுப்பில் இப்போதும் சொல்வதுண்டு: எதிர்முனையில் நின்றவர் நேராக அடித்த பந்து பந்துவீச்சாளரின் கையில் உரசி விக்கெட்டைத் தகர்த்தது; ரன் அவுட். எந்த மாதிரியில் இதற்கு மாறி வைப்பீர்கள்? கடைசி ஆட்டத்தில் 0. பிந்தைய நான்கு ஆட்டங்களின் சராசரி 20.75. தில்லி அணி மறு பருவத்துக்கு அவரை 9 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. 2025இல் ஆறு ஆட்டங்களில் 55 ஓட்டங்கள். கோடிகளைக் கையாளும் தேர்வாளர்களும் என் பட்டியலைப் போன்ற ஒன்றைத்தான் பார்த்திருப்பார்கள் போலும்.

தம்பி அந்தப் பருவத்தில் இழந்தது, ஊரில் அம்மா சீட்டெடுத்து அனுப்பிய பயிற்சி நிலையத்தின் இரண்டாம் தவணை. ஜூன் 16 அன்று நடந்த முதனிலைத் தேர்வை அவன் எழுதினான். எப்படி எழுதினான் என்று நான் கேட்கவில்லை.

இதில் என் குற்றம் என்ன? கணக்குத் தவறாகப் போடவில்லை. கணக்கு எவ்வளவு சொல்லக்கூடும் என்பதை மறைத்தேன். துறை நண்பர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

1945இல் ஜி.எச். வுட், ராயல் புள்ளியியல் கழகத்தின் இதழில், மட்டையாளர் ஒருவரின் ஓட்டங்கள் ஏறக்குறையப் பெருக்குத் தொடர்ப் பரவலைப் பின்பற்றுவதை எடுத்துக்காட்டினார். அந்தப் பரவலில் திட்டவிலக்கம் கிட்டத்தட்டச் சராசரியின் அளவே இருக்கும். ஆட்டமிழக்காமல் நிற்பது போன்ற நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டு இதை இருபது ஓவர் ஆட்டத்துக்குப் பொருத்துவோம். உண்மையான சராசரி 35 உடைய ஒருவர், 30 உடைய இன்னொருவர். கிரிக்கெட் மொழியில் இது சிறிய வேறுபாடு அன்று. ஒருவர் நட்சத்திரம், மற்றவர் சாதாரணர். ஒரே ஆட்டத்தில் முன்னவர் பின்னவரைவிட அதிக ஓட்டம் எடுக்கும் வாய்ப்பு 100க்கு 54. நாணயம் சுண்டுவதைவிட நான்கு கூடுதல். ஐபிஎல் லீக் சுற்றின் 14 ஆட்டங்களையும் இருவரும் ஆடி முடித்த பின்னர்கூட, பட்டியலில் நட்சத்திரம் மேலேயும் சாதாரணர் கீழேயும் இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு மட்டுமே. இருவரையும் நாம் பாடநூலில் கற்பிக்கும் வழக்கமான நம்பிக்கை எல்லையில் பிரித்தறிய ஏறத்தாழ 340 ஆட்டங்கள் வேண்டும். ஆண்டுக்கு 14 என்றால் 24 ஆண்டுகள். 2025 வரை ஐபிஎல் கண்டவை 18 பருவங்கள்.

நான் தம்பிக்குக் கொடுத்தது ஐந்து ஆட்டங்களின் தரவரிசை.

இது புதிய ஞானமும் அன்று. 1956இல் சார்லஸ் ஸ்டைன் நிறுவிய முடிவை நாம் முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே படிக்கிறோம். பல பேரின் சராசரிகளை ஒருசேர மதிப்பிடும்போது, ஒவ்வொருவரின் சராசரியையும் அப்படியே எடுத்துக்கொள்வதைவிட, அனைத்தையும் பொதுச் சராசரியை நோக்கிச் சுருக்குவதே மொத்தப் பிழையைக் குறைக்கும். பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிசும் 1970களில் இதற்கு எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு விளையாட்டு வீரர்களேதாம். 1970ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 பேஸ்பால் வீரர்களின் முதல் 45 வாய்ப்புகளைக் கொண்டு எஞ்சிய பருவத்தைக் கணித்தார்கள். சுருக்கிய மதிப்பீடுகளின் மொத்தப் பிழை, சுருக்காதவற்றின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்போது .400 என்று உச்சியில் நின்ற ராபர்ட்டோ கிளமென்டே எஞ்சிய பருவத்தில் எடுத்தது .346. அவர் உண்மையிலேயே மாபெரும் ஆட்டக்காரர். சுருக்கிய மதிப்பீடு அவரை மிகவும் கீழே இறக்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருக்கே அவ்வளவு சரிவு என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதே கருவியை அன்று நான் பயன்படுத்தியிருந்தால்? தொடக்க மட்டையாளர்களின் பொதுச் சராசரி 28 என்றும், அவர்களிடையே உண்மையான வேறுபாட்டின் திட்டவிலக்கம் 6 என்றும் தோராயமாகக் கொண்டால், ஐந்து ஆட்டங்களில் 49.4 எடுத்தவருக்கு நான் எழுதியிருக்க வேண்டிய எண் 32க்குள். அவருக்கு அடுத்தவருக்கு 31. இருபதாம் இடத்தவருக்கு 28. அப்படிப்பட்ட பட்டியலை எவரும் பட்டியலாக மதிக்க மாட்டார்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதன் எண்வடிவம் அது. எனவே நான் சுருக்கவில்லை. முனைவர் பட்டம் செய்கிற அண்ணன் வெறுங்கையோடு அனுப்பலாமா என்ற வீண் கௌரவம். அந்தக் கௌரவத்தைத்தான் அந்தத் தொழில் பேரளவில் உற்பத்தி செய்தது. செயலிகளிலும் யூடியூப் அலைவரிசைகளிலும் வீரர்களுக்கு நேரே தசம புள்ளியோடு எண்கள் ஓடின. பிழை எல்லை ஒன்றுகூட ஓடவில்லை. விளம்பரத்தின் கடைசி நொடிகளில் நிதி இழப்பு நேரலாம், பழக்கமாகிவிடலாம் என்ற எச்சரிக்கையை ஒரு குரல் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுப் போகும். அதைத் தவிர நிச்சயமின்மைக்கு அங்கே இடமில்லை.

நீதிமன்றங்களுக்கு வருவோம். ஃபேன்டஸியில் பணம் இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில் 2017இல் பஞ்சாப், ஹரியாணா உயர் நீதிமன்றம் இது திறன் விளையாட்டு என்றது. 2019இல் பம்பாயும் 2020இல் ராஜஸ்தானும் அவ்வழியே சென்றன. இவற்றின் வேர், குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு; அது நம் சென்னைப் பந்தய வழக்கு. வாதத்தின் அமைப்பு இது: வீரர்களைத் தெரிவு செய்ய அறிவும் கவனமும் தீர்ப்புத்திறனும் தேவை, ஆகவே முடிவைத் தீர்மானிப்பது திறன். முதற்கூற்று உண்மை. முடிவு அதிலிருந்து பிறக்கவில்லை. அறிவைச் செலவழிப்பது வேறு. விளைவில் அந்த அறிவின் பங்கு எவ்வளவு என்பது வேறு. கைரேகை பார்ப்பவரும் பல்லாண்டுகள் கற்றே பார்க்கிறார். முதற்கேள்வி சட்டத்தினுடையது, இரண்டாவது நம்முடையது. நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

வாய் திறந்தவர்கள் உண்டு என்று நண்பர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டுவார்கள். எம்ஐடியைச் சேர்ந்த அனெட் ஹோசோய் குழுவினர் 2018இல் சியாம் ரிவியூ இதழில் வெளியிட்டது. ஃபேன்டியூயல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவைக் கொண்டு, பருவத்தின் முதற்பாதியில் அதிகம் வென்றவர்கள் பிற்பாதியிலும் வெல்கிறார்களா என்று பார்த்தார்கள். வென்றார்கள். ஆகவே திறன் உண்டு. கட்டுரை நல்ல கட்டுரை. அதன் முறையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதை நற்சான்றாக நீட்டுகிறவர்கள் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. வென்றவர்களே மீண்டும் வெல்கிறார்கள் என்றால் தோற்றவர்களே மீண்டும் தோற்கிறார்கள் என்று பொருள். இது ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகும் பணம், நடுவில் நிறுவனத்தின் பங்கு கழிய. 2015ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பால் பருவத்தின் முதற்பாதியில் தினசரி ஃபேன்டஸி ஆட்டக்காரர்களின் இலாபத்தில் 91 விழுக்காட்டை 1.3 விழுக்காட்டினர் அள்ளினார்கள் என்று அந்த ஆண்டே ஓர் ஆய்வு வெளிவந்தது. லாட்டரியில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் சீட்டு ஒன்றுதான். திறன் விளையாட்டு என்று பெயர் சூட்டப்பட்ட இதில், கணினி நிரல் எழுதி ஒரே போட்டிக்குப் பற்பல அணிகளை இறக்குபவனும், இரவு பதினொரு மணிக்கு ராஜிந்தர் நகர் மாடியறையில் ஒற்றை அணி கட்டுபவனும் ஒரே மேசையில் அமர்த்தப்பட்டார்கள். முன்னவனின் திறன் வீரர்களைத் தரவரிசைப்படுத்துவதில்கூட இல்லை. உச்சியில் இருக்கும் சிலருக்கே பெரும்பரிசு என்ற அமைப்பில் சராசரி உதவாது. ஒன்றோடொன்று ஒத்து ஏறி இறங்கும் வீரர்களைச் சேர்த்து, பல அணிகளாகப் பரப்பி, அவற்றுள் ஒன்றாவது உச்சிக்குப் போகச் செய்வதே கலை. அதற்கு முதல் வேண்டும். ஆக, திறன் எவ்வளவு அதிகம் என்று நீங்கள் நிரூபிக்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தத் தம்பியின் இழப்பு தற்செயல் அன்று என்றும் நிரூபிக்கிறீர்கள்.

அப்படியானால் பங்குச் சந்தை மட்டும் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தினசரி ஊகவணிகத்தைப் பற்றி இதே சொற்களை எழுத நான் தயார். ஆனால் அங்கே செபி என்றோர் ஒழுங்காற்று அமைப்பு இருக்கிறது. எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் தனிநபர்களுள் பத்தில் ஒன்பது பேர் நட்டப்பட்டதை அதுவே ஆய்ந்து வெளியிட்டது. ஃபேன்டஸி நிறுவனங்கள் கையில் கோடிக்கணக்கானோரின் வெற்றி தோல்விப் பதிவுகள் இருந்தன. எத்தனை பேர் நட்டப்பட்டார்கள் என்ற ஒரு வரி போதும். 'தரவே தெய்வம்' என்றவர்கள் தம் தரவைக் கருவறைக்குள் பூட்டிவைத்தார்கள்.

இந்தத் தடையை நான் கொண்டாடவில்லை. திறனா தற்செயலா என்ற கேள்வியே தேவையில்லை, பணம் புழங்கினால் தடை என்கிறது சட்டம். கேள்வி தவறானது என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆயினும் இரண்டு நாள்களில், விவாதமின்றி, தரவு எதையும் வெளிக்கொணராமல் மூடிய கதவு அது; பூட்டப்பட்ட பதிவுகள் பூட்டியபடியே போயின. தரவரிசைப் பித்தையும் நான் வெறுக்கவில்லை. இங்கிலாந்துப் பிரீமியர் லீக் கால்பந்தின் அதிகாரபூர்வ ஃபேன்டஸியை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கட்டணமின்றி 38 சுற்றுகள் ஆடுகிறார்கள். எங்கள் விடுதியிலேயே ஒரு குழு இருக்கிறது, நானும் அதில் உண்டு, சென்ற பருவத்தில் கடைசிக்கு முந்தைய இடம். தோற்றால் தேநீர் வாங்கிக்கொடுக்க வேண்டும். புள்ளியியல் அங்கே நல்ல பேச்சுத்துணை.

சென்ற வாரம் அந்தப் பழைய கோப்பைத் தேடியெடுத்து, சுருக்கிய மதிப்பீடுகளோடும் பிழை எல்லைகளோடும் மீண்டும் போட்டேன். நாற்பது பேரின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து கிடந்தன. இரண்டு ஆண்டுகள் தாமதமாக, ஒரு மன்னிப்போடு தம்பிக்கு அனுப்பினேன். அவன் இப்போது ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறான். இரவு பதில் வந்தது: "சரிண்ணா, பாத்தேன். இதுல யாரை கேப்டனா போடுறது?"